ஆபீஸ் போனுக்கு எந்த வைட்பேண்ட் கோடெக்? ஜி.722, ஏஎம்ஆர்-டபிள்யூபி, ஓபஸ், இவிஎஸ்

இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு ஐபி பிபிஎக்ஸ் (உள் அழைப்புகளையும் வெளி அழைப்புகளையும் இணைத்துவிடும் சர்வர்), மேசைக்கு மேசை ஐபி போன். வேறு ஊரில் ஒரு கிளை. வீட்டிலிருந்து வேலை செய்யும் சிலர் செல்போனில் ஆப் போட்டுக்கொண்டு அதே எக்ஸ்டென்ஷனில் பேசுகிறார்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் செல்போனிலிருந்து கூப்பிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைப் போடுகிற அன்று செட்டிங்ஸில் கோடெக் பட்டியல் என்று ஒரு பக்கம் வரும். குரலை எண்களாகச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பெயர்கள், எதிரே டிக் பெட்டிகள். பலர் எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் பிட்டின் அளவு) குறைவாக இருப்பதை மேலே தூக்கி வைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. முதலில் கேட்க வேண்டியது, அழைப்பு எங்கே போய் முடிகிறது என்பதுதான். பிட்ரேட் அதற்கு அப்புறம்.

ஏன் அப்படி என்று சொல்ல, எது எப்படிச் சுருக்குகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

3400-க்கு மேலே என்ன இருக்கிறது

பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தியது. டிஜிட்டலுக்கு மாறியபோதும் அந்த எல்லை அப்படியே நின்றுவிட்டது: நொடிக்கு 8000 சாம்பிள் (ஒலி அலையை ஒருமுறை அளந்தால் ஒரு சாம்பிள்), ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக நொடிக்கு 64 கிலோபிட். 1972-இல் வந்த ஜி.711 இதுதான். சாம்பிளை 8 பிட்டில் எழுத அதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா வகையை எடுத்துக்கொண்டன. ஐரோப்பாவும் இந்தியாவும் ஏ-லா. இன்றைக்கும் எந்த ஐபி போனை வாங்கினாலும் இது உள்ளே இருக்கும்.

வைட்பேண்ட் என்பது 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை. சாம்பிள் நொடிக்கு 16,000. மேல்பக்கம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவை பெரும்பாலும் மூச்சொலிகள். 'ஸ்' ஒலியின் பலத்தில் பெரும்பங்கு 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். பழைய போன் அதை வெட்டிவிடுவதால்தான், ஈமெயில் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது எஃப்பா எஸ்ஸா என்று எதிர்முனையில் கேட்கிறார்கள். கீழ்ப்பக்கம் கிடைக்கும் 50 முதல் 300 வரையான பகுதியில் குரலின் அடித்தளம் இருக்கிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வு சாதாரணமாக 100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். பழைய போன் அதையும் கடத்தவில்லை, நம் மூளைதான் மேலே உள்ள அதிர்வுகளை வைத்து அதை இட்டு நிரப்பிக்கொண்டது. நீண்ட அழைப்பு முடிந்ததும் வரும் அலுப்பில் ஒரு பங்கு இந்த வேலைக்கானது.

நம் ழகர ளகர வேறுபாட்டுக்கு வைட்பேண்ட் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் அதிர்வுகள் 3400-க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. போனில் அது குழம்பினால் தவறு போனுடையது இல்லை.

சரி, இதற்கு விலை என்ன? 16,000 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்றால் நொடிக்கு 256 கிலோபிட். ஜி.711-ஐப் போல நான்கு மடங்கு. இதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் ஒவ்வொரு கோடெக்கும் தன் வழியே போகிறது.

ஜி.722: பழசு, ஆனால் ஓடுகிறது

1988-இல் வந்தது. ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி லைனின் 64 கிலோபிட்டுக்குள் வைட்பேண்ட் குரலை அடைக்க வேண்டும் என்பது அன்றைய தேவை. செய்த வேலை எளிமையானது. ஒலியை ஒரு வடிகட்டியால் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டு பகுதியும் இப்போது நொடிக்கு 8000 சாம்பிளாக இருக்கும். கீழ்ப்பகுதியின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 6 பிட், மேல்பகுதிக்கு வெறும் 2 பிட். 48-உம் 16-உம் சேர்ந்து 64.

16 பிட் சாம்பிள் 6 பிட்டுக்குள் எப்படி அடங்குகிறது? சாம்பிளையே அனுப்புவதில்லை. இதுவரை வந்ததை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் ஒரே சூத்திரத்தால் ஊகிக்கின்றன. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கம்பியில் போகிறது. குரல் சட்டென்று மாறுவதில்லை என்பதால் வித்தியாசம் சிறியது. அது பெரிதாகும்போது அளவுகோலும் தானாகப் பெரிதாகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது குரலைப் பற்றி எந்த முன்முடிவும் செய்வதில்லை என்பது. தொண்டை, நாக்கு, உதடு என்று எதையும் அனுமானிக்காமல் வந்த அலையை அப்படியே துரத்திப் போகிறது. அதனால் பின்னால் பாட்டு ஓடினாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், தெருவில் ஹாரன் அடித்தாலும் விகாரமாகாது. வானொலி நிருபர்கள் ஐஎஸ்டிஎன் லைனில் ஸ்டுடியோவுக்குச் செய்தி சொல்ல இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். கணக்கு வேலை மிகக் குறைவு, காப்புரிமைத் தொல்லை கிடையாது, எச்டி வாய்ஸ் என்று எழுதி விற்கும் மேசைப் போன்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. டெக்ட் வகைக் கம்பியில்லாப் போன்களின் வைட்பேண்ட் தரநிலையும் இதுதான்.

ஒரு வேடிக்கை. இணையத்தில் குரலை அனுப்பும் ஆர்டிபி முறைக்கு 1996-இல் விதி எழுதியபோது, ஜி.722-இன் கடிகார வேகத்தை 16,000-க்குப் பதில் 8000 என்று தவறாகப் போட்டுவிட்டார்கள். பிழை தெரிந்தபோது ஏற்கெனவே போன்கள் அதை நம்பி வேலை செய்துகொண்டிருந்தன. 2003-இல் வந்த புதிய விதி, இது தவறுதான், ஆனாலும் பழைய கருவிகளுக்காக 8000-ஆகவே இருக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குரலைச் சுமந்துபோகும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) பிடித்துப் பார்க்கும்போது 8000 என்று தெரிந்தால், வைட்பேண்ட் வேலை செய்யவில்லை என்று யாரும் பதற வேண்டாம்.

குறை என்றால் இரண்டு. ஒன்று, 64 கிலோபிட் என்பது இன்றைய கணக்கில் தாராளம். மற்றொன்று பாக்கெட் தொலையும்போது. இரண்டு முனையும் ஒன்றாக ஊகித்துக்கொண்டு வருவதால், நடுவில் ஒரு பாக்கெட் போய்விட்டால் இரண்டின் ஊகமும் விலகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக ஒன்றுசேரும், ஆனால் அதற்குள் காதில் ஒரு கரகரப்பு. இதைச் சமாளிக்கும் வழிமுறைகளை 2006-இல் தனி இணைப்பாகச் சேர்த்தார்கள். உங்கள் போன் அதைச் செய்கிறதா என்பது போனைத் தயாரித்தவர் கையில்.

ஏஎம்ஆர்-டபிள்யூபி: 253 பிட்டுக்குள் ஒரு குரல்

செல்போன் உலகத்தின் வழி வேறு. அங்கே அலைவரிசை விலை உயர்ந்தது. 64 கிலோபிட்டை ஓர் ஆளுக்குக் கொடுக்க முடியாது. செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2001-இல் ஏஎம்ஆர்-டபிள்யூபியை ஏற்றது. அடுத்த ஆண்டு உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு அதையே ஜி.722.2 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. பெயரில் 722 இருப்பதைப் பார்த்து மேலே சொன்னதோடு உறவு என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

இது அலையைத் துரத்துவதில்லை, பேசும் உறுப்பை வரைகிறது. தொண்டை ஒரு குழாய், அதற்குள் ஒரு துடிப்பு போகிறது என்று வைத்துக்கொண்டு, குழாயின் வடிவத்தையும் துடிப்பையும் மட்டும் எண்களாக அனுப்புகிறது. எதிர்முனை அந்த எண்களை வைத்துக் குரலைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. 6.60 முதல் 23.85 கிலோபிட் வரை ஒன்பது வேகங்கள். அதிகம் புழங்குவது 12.65. அதையே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

20 மில்லிசெகண்ட் குரல் ஒரு ஃபிரேம். 12.65 வேகத்தில் அதற்குக் கிடைப்பது 253 பிட். ஒரு பிட், பேச்சு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல. 46 பிட், தொண்டைக் குழாயின் வடிவத்துக்கு. பிறகு ஃபிரேமை 5 மில்லிசெகண்டாக நான்காக வெட்டுகிறார்கள். குரலின் சுருதி, அதாவது துடிப்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதற்கு நான்கிலும் சேர்த்து 30 பிட், அதைச் செப்பனிட 4 பிட். ஒலியளவுகளுக்கு 28. மிச்சம் 144 பிட்டும், சுருதியில் அடங்காத எச்சத்தை வரைவதற்கு. ஒவ்வொரு 5 மில்லிசெகண்ட் துண்டிலும் 64 சாம்பிள் இருக்கின்றன. அவற்றில் எட்டே எட்டு இடத்தில் மட்டும் ஒரு துடிப்பை வைத்து, மேலே பார்த்ததா கீழே பார்த்ததா என்று குறித்தால் போதும் என்கிறது இந்த முறை. எந்த எட்டு இடம் என்பதைக் கண்டுபிடிக்க, அனுப்பும் முனை பல அமைப்புகளைத் தனக்குள்ளேயே குரலாக்கிப் பார்த்து, அசலுக்கு மிக நெருக்கமானதை எடுக்கிறது. கணக்கு வேலை ஜி.722-ஐவிடப் பல மடங்கு ஆவது இதனால்தான்.

64 சாம்பிள் என்ற எண்ணைக் கவனித்தவர்கள் கேட்கலாம், 16,000-இல் 5 மில்லிசெகண்டுக்கு 80 அல்லவா வர வேண்டும் என்று. இது உள்ளே 12,800 சாம்பிளில்தான் வேலை செய்கிறது. அப்படியென்றால் 6400 ஹெர்ட்ஸ் வரைதான் உண்மையான குரல். 6400 முதல் 7000 வரை கேட்பது எதிர்முனையே போடும் இரைச்சல். எவ்வளவு உரக்கப் போடுவது என்பதைக்கூடக் கீழ்ப்பகுதியை வைத்து ஊகித்துக்கொள்கிறது, 23.85 வேகத்தில் மட்டும் அந்த அளவைத் தனியாக அனுப்புகிறார்கள். ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் வருவது மூச்சொலி, மூச்சொலி அதுவே ஓர் இரைச்சல்தான். காது வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை.

காட்டிக்கொடுப்பது பாட்டுதான். ஹோல்டில் போட்டுவிட்டு நாதஸ்வரமோ வயலினோ ஓடவிட்டால், தொண்டை என்று நினைத்து எழுதிய மாதிரிக்குள் அது அடங்காது. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குழையும். 6.60, 8.85 ஆகிய கடைசி இரண்டு வேகங்களில் பேச்சே தேய்ந்து கேட்கும். அவை சிக்னல் மோசமாகும்போது அழைப்பு அறுந்துவிடாமல் இருப்பதற்காக வைத்தவை.

மொபைலில் இதை எச்டி வாய்ஸ் என்ற பெயரில் முதலில் கொடுத்தது 2009 செப்டம்பரில் ஆரஞ்சு நிறுவனத்தின் மால்டோவா கிளை. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வோல்ட்டியை (4ஜி வழியே போகும் குரல் அழைப்பை) மட்டுமே நம்பித் தொடங்கிய பிறகு அது சாதாரண விஷயமாகிவிட்டது, ஏனென்றால் வோல்ட்டியில் வைட்பேண்ட் குரல் என்றால் இந்தக் கோடெக்தான் விதி. இன்று நம் கையில் இருக்கும் 4ஜி போன் எல்லாவற்றிலும் இது உண்டு.

அதனால் ஆபீஸ் பிபிஎக்ஸிலும் இதைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அவசரப்பட மாட்டேன். இதற்குக் காப்புரிமை உரிமம் உண்டு. திறந்த மூலக் கோடு (மென்பொருள் நிரல்) கிடைக்கிறது என்பது உண்மை. கோடு இலவசம் என்பதும் காப்புரிமை இலவசம் என்பதும் ஒன்றல்ல. ஆஸ்டரிஸ்க் போன்ற பிபிஎக்ஸ் மென்பொருள்கள் இதைக் கையோடு தராமல் இருப்பதற்கு அதுவே காரணம். அதைவிட முக்கியமாக, உங்கள் லைனைக் கொடுக்கும் நிறுவனம் எதிர்முனையில் இதை அப்படியே ஏற்றால்தான் பலன். பெரும்பாலான சிப் (SIP) டிரங்குகள், அதாவது பிபிஎக்ஸை வெளி உலகத்தோடு இணைக்கும் இணைய வழி லைன்கள், வாசலிலேயே ஏ-லாவாகப் பேசுகின்றன.

ஓபஸ்: இரண்டு எஞ்சின் உள்ள கோடெக்

2012 செப்டம்பரில் இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு வெளியிட்டது. ஜான்-மார்க் வாலின், கோன் வோஸ், டிமத்தி டெரிபெரி மூவரும் எழுதிய தரநிலை. ஸ்கைப்பின் சில்க் ஒரு பாதி, ஸிஃப் அமைப்பின் செல்ட் ஒரு பாதி. சில்க் பேச்சுக்கானது, ஏஎம்ஆர்-டபிள்யூபி போலவே தொண்டையை வரையும் வழி. செல்ட் இசைக்கானது, ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் காதுக்கு எது தெரியுமோ அதற்குப் பிட் கொடுக்கும் வழி. ஓபஸ் இரண்டில் எதையும் எடுக்கும், வேண்டுமானால் கீழே சில்க், மேலே செல்ட் என்று சேர்த்தும் ஓட்டும். நடுவழியில் மாற்றினாலும் அழைப்பு அறுவதில்லை. ஹோல்டு மியூசிக் இதில் மியூசிக்காகவே கேட்கிறது, அதற்குத் தகுந்த பிட்ரேட் கொடுத்தால்.

வேகம் 6 முதல் 510 கிலோபிட் வரை. ஃபிரேம் 2.5 முதல் 60 மில்லிசெகண்ட் வரை. பேச்சுக்கு வைட்பேண்ட் என்றால் 16 முதல் 20 கிலோபிட் போதும் என்பது தரத்தை எழுதியவர்களே சொல்லும் அளவு. 28-இலிருந்து 40 வரை கொடுத்தால் வைட்பேண்டையும் தாண்டி முழு ஒலியே கிடைக்கும். உரிமக் கட்டணம் இல்லை. 2016-இல் வந்த, பிரவுசரிலிருந்தே பேச வழி செய்யும் வெப்ஆர்டிசி விதியில் ஓபஸும் ஜி.711-உம் கட்டாயம் என்று எழுதிவிட்டதால் எல்லா பிரவுசரிலும் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் நீங்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் இதுவே.

இதன் பெரிய பலம், மோசமான லைனில் தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதற்கு முந்தைய ஃபிரேமின் கரடுமுரடான நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். ஒரு பாக்கெட் தொலைந்தால் அடுத்ததிலிருந்து அதை மீட்டுக்கொள்ளும். ஆனால் ஆன் செய்துவிட்டேன் என்று மட்டும் இருந்தால் இது நடக்காது. எத்தனை சதவீதம் பாக்கெட் தொலையும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதையும் கோடெக்குக்குச் சொல்ல வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால் நகல் எதையும் சேர்க்காது. அப்புறம், செல்ட் மட்டும் ஓடும்போது இந்த வசதி கிடையாது. வாங்கும் பக்கமும் அடுத்த பாக்கெட் வரும்வரை காத்திருக்கும் அளவுக்கு ஜிட்டர் பஃபர் (முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்தி வரிசைப்படுத்தும் இடம்) வைத்திருக்க வேண்டும். 2024-இல் வந்த ஓபஸ் 1.5 இதைத் தாண்டிப் போய், நரம்பு வலைக் கணக்கால் ஒரு நொடி வரையான பழைய குரலைச் சுருக்கி ஒவ்வொரு பாக்கெட்டிலும் செருக வழி செய்திருக்கிறது. மேசைப் போன்களுக்கு அது வர நாளாகும்.

குறை? பழைய மேசைப் போன்களில் இது இருக்காது. இருக்கும் சிலவற்றில், மூன்று பேர் கான்ஃபரன்ஸ் போட்டால் சிப் திணறி வேறு கோடெக்குக்கு இறங்கிவிடும். ஆஸ்டரிஸ்கில் ஓபஸை வேறு கோடெக்காக மாற்றும் வசதியைத் தனியாக இறக்கிப் போட வேண்டும். இவ்வளவுதான்.

மற்றவை, சுருக்கமாக

இவிஎஸ் 2014-இல் வந்த 3ஜிபிபி தரம், ஏஎம்ஆர்-டபிள்யூபியின் வாரிசு. 5.9 முதல் 128 கிலோபிட் வரை. 9.6 கிலோபிட்டிலேயே வைட்பேண்டைத் தாண்டிய ஒலி கிடைக்கும், பாட்டையும் ஒழுங்காகக் கையாளும், பழைய ஏஎம்ஆர்-டபிள்யூபி போனோடும் பேசும். தொழில்நுட்பமாக இந்தக் கூட்டத்திலேயே நேர்த்தியானது இதுதான் என்பேன். ஆனால் இது மொபைல் நிறுவனங்களும் போன் தயாரிப்பாளர்களும் எடுக்கும் முடிவு. ஆபீஸ் பிபிஎக்ஸ் வாங்குகிறவர் இதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

ஜி.722.1, பிக்சர்டெல் நிறுவனத்தின் சைரனிலிருந்து 1999-இல் பிறந்தது, 24 அல்லது 32 கிலோபிட். வீடியோ கான்ஃபரன்ஸ் கருவிகளில் பார்க்கலாம். தாமதம் 40 மில்லிசெகண்ட். உங்களிடம் அந்தக் கருவி ஏற்கெனவே இருந்தால் மட்டும் டிக் செய்யுங்கள். ஸ்பீக்ஸ் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடலாம். அதை உருவாக்கியவர்களே ஓபஸுக்கு மாறச் சொல்லிவிட்டார்கள்.

பிட்ரேட் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

64-க்குப் பதில் 12.65 என்றால் ஐந்தில் ஒரு பங்கு செலவு என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பார்கள். கம்பியில் நடப்பது அதுவல்ல. குரல் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபி 20 பைட், யுடிபி 8, ஆர்டிபி 12 என்று 40 பைட் தலைப்பு (முகவரி, வரிசை எண் போன்ற விவரங்கள்) ஏறுகிறது. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் நொடிக்கு 50. தலைப்பு மட்டுமே 16 கிலோபிட். ஈதர்நெட்டின் 18 பைட்டையும் சேர்த்தால் 23 கிலோபிட்டைத் தாண்டும். கால் கிலோ வெங்காயத்தை அரைக் கிலோ எடையுள்ள பெட்டியில் போட்டு பார்சல் அனுப்பும் கதைதான்.

ஈதர்நெட் வரை சேர்த்துப் பார்த்தால், ஜி.722 ஓர் அழைப்புக்கு ஒரு பக்கம் 87.2 கிலோபிட். 20 கிலோபிட் ஓபஸ் 43.2. ஏஎம்ஆர்-டபிள்யூபி 12.65 சுமார் 36. ஐந்து மடங்கு வித்தியாசம் இரண்டரை மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஓபஸுக்கும் ஏஎம்ஆர்-டபிள்யூபிக்கும் நடுவே இருப்பது 7 கிலோபிட். ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் ஜி.722-க்கு 1.75 மெகாபிட்தான். ஆபீஸ் உள்வலையில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஃபைபர் இணைப்பிலும் இல்லை.

பாக்கெட்டுக்கு 40 மில்லிசெகண்ட் குரலை அடைத்தால் தலைப்புச் செலவு பாதியாகும். ஆனால் தாமதம் கூடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் இழப்பும் இரட்டிப்பாகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இடறாது. அதில் பெரும்பகுதியை நெட்வொர்க்கும் ஜிட்டர் பஃபரும் சாப்பிட்டுவிடும். கிளை அலுவலகம் சாட்டிலைட் இணைப்பில் இருந்தாலொழிய 20-ஐ மாற்ற வேண்டாம்.

மாற்றும் இடத்தில்தான் போகிறது

இப்போது முதலில் சொன்னதற்கு வரலாம். ஒரு வாடிக்கையாளர் செல்போனிலிருந்து கூப்பிடுகிறார். அவர் போனிலிருந்து கோபுரம் வரை ஏஎம்ஆர்-டபிள்யூபி. உங்கள் டிரங்கு ஏ-லா என்பதால், நெட்வொர்க் அந்தக் குரலை அவிழ்த்து, 3400-க்கு மேலே உள்ளதை வெட்டி, ஜி.711-ஆகக் கொடுக்கிறது. உங்கள் பிபிஎக்ஸ் அதை வாங்கி, பட்டியலில் முதலில் இருக்கிறதே என்று ஓபஸாக மாற்றி மேசைப் போனுக்கு அனுப்புகிறது. போனின் திரையில் எச்டி என்று சின்னம் எரியும். கேட்பது பழைய போன் குரல்தான், அதுவும் ஒருமுறை கூடுதலாகச் சுருக்கி விரித்த குரல். சர்வரும் வீணாக உழைத்திருக்கிறது. இப்படிப்பட்ட அழைப்புக்கு உள்ளே வரை ஏ-லாவாகவே விட்டுவிடுவதுதான் நல்லது.

கோடெக் மாறும் ஒவ்வொரு இடத்திலும் குரல் கொஞ்சம் தேய்கிறது. தொண்டையை வரையும் இரண்டு கோடெக்குகள் அடுத்தடுத்து வந்தால் தேய்மானம் அதிகம். ஒன்றின் பிழையை இன்னொன்று குரலின் குணமாக எடுத்துக்கொள்கிறது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி ஹெட்செட். பழைய ப்ளூடூத் ஹெட்செட்டுகள் பேசும்போது 8000 சாம்பிள் முறைக்கு இறங்கிவிடும். 2011-இல் வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ 1.6 விதியில்தான் எம்எஸ்பிசி என்ற வைட்பேண்ட் கோடெக் சேர்ந்தது. போன், கணினி, ஹெட்செட் மூன்றும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வைட்பேண்ட் போட்டும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்பவரிடம் நான் முதலில் ஒரு வயர் ஹெட்செட்டைச் செருகிக் கேட்கச் சொல்வேன். செலவில்லாத சோதனை.

அப்படியென்றால் என்ன போடுவது

ஒரே கட்டடத்துக்குள் மேசையிலிருந்து மேசைக்கு என்றால் ஜி.722. பேண்ட்வித் கவலை இல்லை, பாக்கெட் தொலைவதில்லை, எல்லாப் போனும் பேசும், கான்ஃபரன்ஸில் பத்துப் பேரைக் கலந்தாலும் சர்வருக்குச் சிரமம் இல்லை. இங்கே ஓபஸ் போட்டால் தவறில்லை, ஆனால் காதுக்குப் புதிதாக எதுவும் வராது.

கிளை அலுவலகம், வீட்டிலிருந்து பேசுபவர்கள், செல்போன் ஆப், பிரவுசர் வழி அழைப்பு எல்லாவற்றுக்கும் ஓபஸ். 24 கிலோபிட், 20 மில்லிசெகண்ட், மீட்பு நகல் ஆன், எதிர்பார்க்கும் இழப்பு 5 அல்லது 10 சதவீதம் என்று வைத்துத் தொடங்கலாம். மொபைல் டேட்டாவில் பேருந்தில் போய்க்கொண்டே பேசுபவரின் குரல் ஜி.722-இல் எப்படி இருக்கும், இதில் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் விவாதத்துக்கு இடமிருக்காது.

வெளி லைன்கள் ஏ-லா. உங்கள் டிரங்கு நிறுவனம் வைட்பேண்ட் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஏஎம்ஆர்-டபிள்யூபியை மாற்றாமல் கடத்துவோம் என்று எழுத்தில் கொடுத்தால், வாடிக்கையாளர் அழைப்பு அதிகம் வரும் இடத்தில் உரிமச் செலவோடு அதை யோசிக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் வேண்டாம்.

ஆக எக்ஸ்டென்ஷன் பக்கம் வரிசை: உள்ளே இருக்கும் போன்களுக்கு ஜி.722, ஏ-லா. வெளியே இருப்பவர்களுக்கு ஓபஸ், ஜி.722, ஏ-லா. டிரங்குக்கு ஏ-லா மட்டும். மற்ற எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பட்டியல் நீளமாக இருக்கும்போதுதான் இரண்டு முனையும் யாரும் எதிர்பாராத ஒன்றில் போய் ஒத்துக்கொள்கின்றன.

அழைப்புகளைப் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் 16,000 சாம்பிள் குரலை எதிர்பார்க்கின்றன. டிரங்கில் ஏ-லாவாக வந்த அழைப்பை 16,000-ஆக மாற்றிச் சேமித்தால் ஃபைல்தான் பெரிதாகும், வெட்டப்பட்டது திரும்பி வராது. உள் அழைப்புகளை வைட்பேண்டாகவே சேமியுங்கள். சுருக்காத வேவ் ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 115 எம்பி, 24 கிலோபிட் ஓபஸ் 11 எம்பிக்கும் குறைவு. பேசுபவர் இருவரையும் ஒரே தடத்தில் கலக்காமல் தனித்தனித் தடமாக வைத்தால், யார் என்ன சொன்னார் என்று பிரிக்கும் வேலை மிச்சம்.